அக்கரைப் பச்சை ஆருடைய காணி?

இக்கரைக்கு அக்கரை பச்சை என்றனர் நம் முன்னோர். அந்த அக்கரைப் பச்சையை மிதித்துவிட்டு வருவதற்கென்றே இலட்சக்கணக்கிற் பணம் கட்டி விமானம் ஏறும் ஒரு வகுப்பார் இன்று நம்மிடையே தோன்றியுள்ளனர். அவர்கள் செல்வதைப்பற்றி நமக்குக் குறையொன்றும் இல்லை. அங்கே காணவேண்டியதைக் காணாமல் திரும்புவதும், திரும்பியபின் நமக்கு உபதேசம் செய்யப் புகுவதுமே நமது குறை.

அண்மையில் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போயிருந்தோம். அவ்வீட்டு மூத்த மகன் கொழும்பிற் பெயர்பெற்ற வைத்தியர். ஓராண்டு உழைப்பின் களைப்புத் தீர, நண்பர் மூவருடன் ஸ்கொட்லாந்துக்குச் சென்று, பத்து நாட்கள் கோல்ப் ஆடி, எடின்பரோ மாநகரையும் சுற்றிப் பார்த்து வந்திருந்தார். உணவு முடிந்ததும் கைத்தொலைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கோட்டை, கோபுரம், வானளாவிய தூண், கடலோரத்திற் கம்பளம் விரித்தாற்போன்ற புற்றரை, ஒரு சின்னஞ்சிறு கல்லுப்பாலத்தின்மீது தொப்பியைக் கையில் ஏந்தி நிற்கும் தாம். எல்லோரும் வியந்தனர். அந்த வியப்பில் ஊக்கம்பெற்ற வைத்தியர் மேலும் ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்கள் தரவையும் இப்படித்தானே சும்மா கிடக்கிறது. இதுபோல் ஒரு மைதானம் போட்டால் வெள்ளைக்காரர் வந்து குவிவார்கள். பெடியளுக்கு வேலையும் கிடைக்கும்."

சபையிற் பலர் தலையசைத்தனர். மூலையிற் சாய்மனைக் கதிரையில் இருந்த அவருடைய அம்மான் மட்டும் அசையவில்லை. எழுபது வயது கடந்த கமக்காரர் அவர். வெங்காயமும் புகையிலையும் செய்து பிள்ளைகளையும் மருமக்களையும் படிப்பித்தவர். படத்தை வாங்கி, நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இவ்வளவு காணியும் ஆற்றை?"

"கிளப்புக்காரருடையதாய் இருக்கும், அம்மான்" என்று வைத்தியர் சிரித்து மழுப்பினார். பேச்சு வேறு திசையிற் சென்றது.

வைத்தியர் சொன்ன விடை பிழை. கமக்காரர் கேட்ட கேள்வி சரி. அந்தக் கேள்வியைக் கையிற் கொண்டு, வைத்தியர் போய்வந்த அதே வழியில் நாமும் ஒருமுறை போய்வருவோம். 'சும்மா கிடக்கும் நிலம்' என்ற சொல்லுக்குப் பொருள் என்னவென்று அப்போது விளங்கும்.

ஓய்வு குற்றமன்று

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கோல்ப் விளையாட்டுக்கு நாம் பகைவர் அல்லர். பகலும் இரவும் நோயாளரிடையே உழலும் வைத்தியனுக்கும், வழக்குக் கட்டுகளிடையே வாடும் சட்டத்தரணிக்கும் ஓய்வு வேண்டும். திறந்த வெளியில் நாலைந்து மைல் நடந்து, ஒரு பந்தைக் குழியில் இடுவதில் ஒருவருக்கு மனம் இளைப்பாறுமாயின், அதைப் பழிப்பதற்கு நாம் யார்? ஆண்டுதோறும் தேர்த்திருவிழாவுக்கு வேலையை விட்டு ஊருக்கு ஓடுபவர்கள்தானே நாமும்!

பணத்தைப்பற்றியும் நாம் பேசவில்லை. சென்ற் அன்ட்ரூஸ் ஊரிலே 'பழைய மைதானம்' என்று பெயர்பெற்ற திடலில் ஒரேயொரு முறை ஆடுவதற்கு உச்சப் பருவத்தில் 300 பவுணுக்கு மேற் கட்டணம் என்பதையும், அது நமது பணத்தில் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதையும் அறிவோம். தம் உழைப்பின் பணத்தைத் தாம் செலவழிக்கிறார்கள். கணக்குக் கேட்க நமக்கு உரித்தில்லை.

நாம் கேட்பது வேறு. பயண முகவரின் பட்டியலில் ஒருநாள் ஆட்டம், மறுநாள் நகர்க்காட்சி என்று நிரை நிரையாக எழுதியிருக்கிறார்கள். புல்லின் நிறம் அதில் உண்டு. கோட்டையின் வயது உண்டு. விடுதியிற் கிடைக்கும் உணவின் பெயரும் உண்டு. அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற இரண்டு வரிகள் மட்டும் இல்லை. அந்த இரண்டு வரிகளை மறைப்பதற்குத்தானோ இத்தனை வண்ணப் படங்கள்?

தூணின் கீழ் நின்ற யாழ்ப்பாணத்தான்

எடின்பரோவுக்கு வருபவனை வழிகாட்டி முதலிற் கோட்டைக்கு அழைத்துச் செல்கிறான். அங்கிருந்து ஹோலிறூட் அரண்மனைவரை பெருந்தெரு. அதைக் கடந்தால் 1767ஆம் ஆண்டுத் திட்டப்படி எழுந்த புதுநகர். அப்புதுநகரின் கீழைக்கோடியில் ஒரு சதுக்கம்; சதுக்கத்தின் நடுவில் ஏறக்குறைய 150 அடி உயரமான தூண்; தூணின் உச்சியில் ஒரு மனிதனின் சிலை. வைத்தியர் எடுத்த படங்களில் அதுவும் ஒன்று.

அச்சிலைக்கு உரியவர் ஹென்றி டண்டாஸ். 1792இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் பிரேரணை பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, 'படிப்படியாக' என்ற ஒரு சொல்லை அதனுள் நுழைத்தவர் அவர். அவ்வணிகம் சட்டப்படி ஒழிந்ததோ 1807இல். இடைப்பட்ட ஆண்டுகளிற் கப்பலில் ஏற்றப்பட்ட மனிதருக்குப் 'படிப்படி' என்ற சொல்லின் பொருள் என்னவாயிருந்தது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. 2021இல் எடின்பரோ நகரசபை தூணின் அடியில் ஒரு தகட்டைப் பொருத்தி அவ்வரலாற்றை எழுதிவைத்தது. அத்தகட்டைக் கழற்றவேண்டும் என்று வாதாடுவோரும் அங்கே உளர்.

இன்னொன்றும் உண்டு. 1794 முதல் 1801 வரை பிரித்தானியாவின் யுத்த மந்திரியாக இருந்தவர் இதே டண்டாஸ். 1795இல் திருகோணமலையும் யாழ்ப்பாணக் கோட்டையும், 1796இற் கொழும்பும் ஒல்லாந்தர் கையிலிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியது அவர் அப்பதவியிலிருந்த காலத்தில்தான். ஒல்லாந்தரிடமிருந்து வாங்கினார்கள், கொடுத்தார்கள். காணிக்காரனை யாரும் கேட்கவில்லை. அக்கோட்டையின் நிழலிற் பிறந்து வளர்ந்த ஒருவர் அத்தூணின் கீழ் நின்று புன்னகையோடு படம் எடுத்துக்கொண்டார். தூணின் அடியில் இருந்த தகட்டை அவர் வாசிக்கவில்லை. வாசிக்காமல் வருவதற்கா ஆறாயிரம் மைல் போகவேண்டும்?

ஊரார் காத்த தரவை

எடின்பரோவிலிருந்து ஏறக்குறைய ஐம்பது மைல் தொலைவில், வடகடலின் ஓரத்தில் உள்ளது சென்ற் அன்ட்ரூஸ். கோல்ப் உலகத்துக்கு அதுவே காசி. கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்றரையை அந்நாட்டார் 'லிங்க்ஸ்' என்பர். நம்மூர்த் தரவையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏர் இறங்காத மண். ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊர்ப் பெண்கள் துணி உலர்த்துவர், இளைஞர் பந்தடிப்பர். வானம் தரும் மழையிலே தானாய் முளைத்த குறும்புல்லை ஆடுகள் கத்தரித்தன. அம்மண்ணில், அம்மழையில், அப்புல்லிற் பிறந்த விளையாட்டு இது. அதற்காக யாருடைய வயலும் பறிக்கப்படவில்லை. யாருடைய கிணறும் வற்றவில்லை.

1457இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இவ்விளையாட்டைத் தடைசெய்தது, வில்வித்தை பயில வேண்டியவர்கள் பந்தின் பின்னே ஓடுகிறார்கள் என்று. குடிமக்கள் பந்தை விடவில்லை. 1552இல் அவ்வூர்ப் பேராயர் ஹமில்ற்றன் அத்தரவையில் முயல் வளர்க்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்டு, ஆடு மேய்க்கவும் பந்தாடவும் ஊராருக்கு உள்ள உரித்தைச் சாசனத்தில் எழுதிக் கொடுத்தார். நமது மொழியிற் சொன்னால், அது தரவைக்கு எழுதிய உறுதி.

உறுதி இருந்தாற் போதுமா? 1797இற் கடனில் மூழ்கிய நகரசபை அத்தரவையை விற்றது. முயல் வணிகர் கைக்கு அது போயிற்று. திடல் முழுவதும் முயல் வளைகள். ஊரார் வாளாவிருந்தார்களா? முயலைக் கொன்றார்கள், வணிகர் ஆட்களோடு மல்லுக்கு நின்றார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பூசல் நீடித்தது. 1821இல் அயலூர் நிலக்கிழார் ஒருவர் அதை வாங்கி விளையாட்டுக்குத் திறந்துவிட்டார். 1894இற் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் துணையோடு நகரசபை தன் தரவையைத் திரும்பப் பெற்றது. அந்நாட்டு நகரசபைகள் கலைக்கப்படவிருந்த வேளையில், இச்சொத்து மீண்டும் கைமாறிவிடக் கூடாதென்று 1974இல் மற்றொரு சட்டம் செய்து, பொது நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார்கள்.

ஆகவே, அம்மான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: அது கிளப்புக்காரருடைய காணி அன்று. கரையிலே கம்பீரமாக நிற்கும் அந்தக் கிளப்பு மாளிகைக்குப் பழைய மைதானத்தில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. அது பொதுச்சொத்து. வெளியூரான் ஒரு சில ஆட்டங்களுக்குக் கட்டும் பணத்தில் ஊரவன் ஓராண்டு முழுவதும் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. அன்று ஊர்மக்கள் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புற்றரையில் உலாவுகிறார்கள். முதற் குழிக்கும் கடைசிக் குழிக்கும் உரிய புற்றரையை ஊடறுத்து ஒரு பொதுப்பாதை செல்கிறது. மீன் வாங்கப் போகும் கிழவிக்கும் அப்பாதையில் உரித்து உண்டு.

வைத்தியர் தொப்பியை ஏந்தி நின்ற கல்லுப்பாலம் இருக்கிறதே, அது வீரர் படம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் இடையர் தம் மந்தையை ஓட்டிச் செல்லக் கட்டிய பாலம் அது. 2023இல் அதன் அடியிற் புதிதாகக் கல் பதித்தார்கள். கிளம்பிய கண்டனத்தைத் தாங்காமற் சில நாட்களிற் பெயர்த்தெடுத்தார்கள். தம் பொதுச்சொத்தில் ஒரு கல்லைக்கூடக் கேளாமல் வைக்கவிடாத மக்கள் அவர்கள். சென்ற் அன்ட்ரூஸிலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் அந்தக் குணமே. நம்மவர் கொண்டுவந்ததோ தொப்பி!

வாக்குறுதியும் மணற்குன்றும்

சென்ற் அன்ட்ரூஸிலிருந்து வண்டி வடக்கே அபர்டீன் நோக்கிச் செல்கிறது. நகரத்தைத் தாண்டியதும், மெனி என்னும் இடத்தில், கடலோரத்தில் உயர்ந்த மணற்குன்றுகள் இருந்தன. காற்றின் போக்கிலே ஆண்டுதோறும் இடம்பெயரும் அக்குன்றுகளை விஞ்ஞான முக்கியத்துவம் வாய்ந்த இடமெனச் சட்டமே காத்து நின்றது. 2006இல் அந்நிலத்தை வாங்கியவர் அமெரிக்கச் செல்வர் டொனால்ட் ட்ரம்ப். உலகத்திலே தலைசிறந்த கோல்ப் மைதானத்தை அமைப்பேன், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருவேன் என்றார்.

2007இல் உள்ளூர்ச் சபையின் குழு விண்ணப்பத்தை நிராகரித்தது. எடின்பரோ அரசாங்கம் விவகாரத்தைத் தன் கையில் எடுத்து, 2008இல் அனுமதி அளித்தது. பொருளாதார நன்மை பெரிது. மணற்குன்று சிறிது என்பது தீர்ப்பு. அயலிலே சிறு பண்ணை வைத்திருந்தவர்களும் வீட்டுக்காரரும் தம் நிலத்தை விற்க மறுத்தார்கள். அரசாங்கத்தின் துணையோடு அவர்கள் காணியைக் கட்டாயமாய் எடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஆயினும் அசையவில்லை. 2012இல் மைதானம் திறக்கப்பட்டது. வந்த வேலையோ, வாக்களித்ததிற் சிறுபகுதி. நகர்ந்துகொண்டிருந்த குன்றுகள் புல் போர்த்து நிறுத்தப்பட்டன. 2020இல் அவ்விடத்தின் விஞ்ஞான முக்கியத்துவம் போய்விட்டதென்று அரசின் இயற்கைக் காப்பு நிறுவனமே அறிவித்துப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது.

'மைதானம் வந்தால் வேலை வரும்' என்று வைத்தியர் சொன்னாரே, அவர் மெனியிலும் ஆடிவிட்டு வந்தவர்தான். வேலை எத்தனை வந்ததென்று அயலிலே ஒரு கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எரிந்த கூரைகளின் நாடு

மேலும் வடக்கே சென்றால் சதர்லாந்து. டோர்னொக் என்னும் ஊரிலே 1616ஆம் ஆண்டிலேயே கோல்ப் ஆடியதற்குப் பதிவு உண்டு. அங்கு ஆடச் செல்பவர்கள் அண்ணாந்து பார்த்தால், வடக்கே ஒரு மலையுச்சியிற் பேருருவச் சிலை ஒன்றைக் காண்பார்கள். முதலாவது சதர்லாந்துக் கோமகனின் சிலை அது. நன்றியுள்ள குடியானவர்கள் எழுப்பியது என்று அதன் பீடத்தில் எழுதியிருக்கிறது.

அந்த நன்றியின் கதையைக் கேளுங்கள். முக்கியமாக 1811க்கும் 1820க்கும் இடைப்பட்ட காலத்தில், அக்கோமகனும் அவர் மனைவியும் தம் பெருநிலத்தின் உட்பள்ளத்தாக்குகளிற் பரம்பரையாய் வாழ்ந்த குடிகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். குடியானவன் தரும் குத்தகையிலும் செம்மறியாட்டு வணிகன் தரும் குத்தகை பெரிதாயிருந்தது. 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவர்ப் பள்ளத்தாக்கில் மக்கள் திரும்பி வராதபடி கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். கோமகனின் காரியக்காரர்மீது 1816இல் வழக்கு நடந்தது. குற்றமற்றவர் என்று விடுதலையானார். வெளியேறியவர்களிற் சிலருக்குக் கடலோரத்திற் கற்பாறை நிலத்துண்டுகள் கிடைத்தன. மீன்பிடித்துப் பிழைக்கச் சொன்னார்கள். பலர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

இதற்கு ஆட்சியாளர் இட்ட பெயர் என்ன தெரியுமா? 'அபிவிருத்தி'. பள்ளத்தாக்குகள் பயனின்றிக் கிடந்தனவாம். ஆடுகள் வந்தபின் பயன் பெற்றனவாம். ஆடுகளுக்குப்பின் மான்கள் வந்தன. அந்த மான்களைச் சுடுவதற்காகச் செல்வர்கள் வந்தார்கள். மனிதர் வாழ்ந்த பள்ளத்தாக்குகள் பல இவ்வாறு விளையாட்டு நிலமாயின. இன்று உல்லாசப் பயணி அம்மலைகளின் 'ஆளற்ற அழகை' வியக்கிறான். அவ்விடம் ஏன் ஆளற்றுப் போயிற்று என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆனால் அந்நாட்டு மக்கள் மறக்கவில்லை. போராடி, 1886இற் குடியானவரை வெளியேற்றக் கூடாதென்ற சட்டத்தைப் பெற்றார்கள். 1993இல் அதே சதர்லாந்தின் அசின்ற் பகுதிக் குடியானவர்கள் ஒன்றுகூடி, நிதி திரட்டி, 21,000 ஏக்கர் நிலத்தைத் தமக்கே வாங்கிக்கொண்டார்கள். 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊர்மக்கள் தம் நிலத்தை வாங்குவதற்கு வழியமைத்தது. இதுவன்றோ பார்த்துவரத் தகுந்த காட்சி!

கோல்ப் பையின் பின்னால் வந்தவை

இவையெல்லாம் தூரதேசத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் கோல்ப் பை முன்னொருநாள் நம் நாட்டுக்கும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிகாட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியவை என்றது. அதாவது, சும்மா கிடக்கும் நிலம்! அந்நிலம் துரைமாருக்கு விற்கப்பட்டது. முதலிற் கோப்பி, பின்பு தேயிலை. 1867இல் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் வைத்த ஜேம்ஸ் ரெயிலர் ஸ்கொட்லாந்துக்காரர். 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்தவர். அவர்களைப் போன்றோர் தாய்நாட்டு நினைவு தீர விளையாட, 1889இல் நுவரெலியாவிற் கோல்ப் கழகம் தோன்றியது.

அம்மலைகளைத் திருத்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய்க் கொண்டுவரப்பட்ட நம் சகோதரர்கள். அவர்களைப் பார்த்து, "இது ஆற்றை காணி?" என்று கேளுங்கள். 1948இற் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, பல பத்தாண்டுகளின்பின் அது திரும்பியும், தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லாதவர்களே இன்றும் அவர்களிற் பெரும்பாலோர்.

அறுகைப் பிடுங்குபவனும் வளர்ப்பவனும்

இனி, வைத்தியரின் யோசனைக்கு வருவோம். 'எங்கள் தரவை சும்மாதானே கிடக்கிறது?'

சும்மா கிடக்கவில்லை, ஐயா. அதில் ஊர் மாடு மேய்கிறது. மாரியில் அதிலே தேங்கும் மழைநீர் சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கித்தான் உங்கள் வீட்டுக் கிணறும் ஊறுகிறது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் நிலத்தடி நீரே உயிர்நீர். மாரி சில மாதம். கோடை பல மாதம். அதிகமாய் இறைத்தால் உவர் ஏறும். தோட்டத்துக்கு இட்ட இரசாயன உரம் கிணற்று நீரில் நைத்திரேற்றாய்க் கலந்திருப்பதை வைத்தியராகிய நீங்களே அறிவீர்கள்.

பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றுக்கு 120 முதல் 150 ஏக்கர் வரை நிலம் வேண்டும். ஸ்கொட்லாந்தில் வானம் செய்யும் வேலையை வெப்ப நாட்டிற் குழாய் செய்யவேண்டும். கோடை முழுவதும் பச்சை வாடாதிருக்க இறைப்பு, உரம், பூச்சிமருந்து அனைத்தும் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. வெப்ப நாட்டு மைதானங்களில் விரிக்கும் 'பெர்மியுடா' என்ற புகழ்பெற்ற புல் வேறெதுவும் அன்று. நம் அறுகும் அதன் இனமுமே! கமக்காரன் முதுகு வளைந்து வெங்காயப் பாத்தியிலிருந்து பிடுங்கி எறியும் அறுகை, அவன் கிணற்று நீரையே எடுத்து ஊற்றி வளர்ப்பதற்குப் பெயர் அபிவிருத்தியாம்! பங்குக் கிணற்றில் முறை வைத்து, அரை மணி பிந்தினால் அண்ணன் தம்பி கோட்டுக்குப் போகும் ஊரில், புல்லுக்கு முறை யார் கொடுப்பது?

இதைக் கேட்டவர் நாம் மட்டும் அல்லர். ஆசிய நாடுகளிற் கோல்ப் மைதானங்கள் பெருகியபோது, நிலமும் நீரும் இழந்தவர்களுக்காகப் போராடியவர்கள் ஒன்றுகூடி, 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாளைக் கோல்ப் எதிர்ப்பு நாளாக உலகுக்கு அறிவித்தார்கள். மெக்சிக்கோ நாட்டின் தெப்போஸ்லான் என்னும் ஊரில், 1995இல், தம் நீரையும் பொதுநிலத்தையும் விழுங்கவிருந்த கோல்ப் மைதானத் திட்டத்தை எதிர்த்து மக்கள் நகரமண்டபத்தைக் கைப்பற்றினார்கள். 1996 ஏப்ரல் 10ஆம் நாள் அவர்களின் ஊர்வலத்தைப் பொலிஸார் தாக்கியதில் முதிய குடியானவர் ஒருவர் உயிரிழந்தார். அதே மாதத்திற் கம்பனி திட்டத்தைக் கைவிட்டது. அவ்வூரில் இன்றும் கோல்ப் மைதானம் இல்லை. தண்ணீர் ஊராரிடம் இருக்கிறது.

கேட்பார் கேட்கும் கேள்விகள்

"அப்படியானால் உல்லாசப் பயணத்தால் வரும் வருவாய் வேண்டாமா?" என்பார் சிலர். வேண்டும். சென்ற் அன்ட்ரூஸில் வருகிற பணத்தை யார் தடுத்தார்? நிலம் ஊருடையதாய் இருப்பதால், வெளியூரான் கொடுக்கும் 300 பவுண் அத்தரவையைப் பேணவே திரும்புகிறது. நிலத்தை விற்றுவிட்டு, அந்நிலத்திற் புல்வெட்டும் கூலியாக நம் பிள்ளைகளை அனுப்புவதையா வருவாய் என்பது?

"பயணம் போனவனிடம் வரலாறு கேட்பது என்ன நியாயம்? அவன் இளைப்பாறப் போனான்" என்பார் வேறு சிலர். இளைப்பாறட்டும். ஆனால் நோயாளி ஒருவன் வந்தால், "எங்கே நோகிறது? எப்போது தொடங்கிற்று? முன்பு என்ன இருந்தது?" என்று கேளாமல் மருந்து எழுதாத வைத்தியன், ஒரு நாட்டைப் பார்க்கும்போது அக்கேள்விகளை மறந்துவிடலாமா? உறுதியைப் பாராமற் காணி வாங்காத சட்டத்தரணி, உறுதியைப் பாராமல் ஒரு மைதானத்தை மெச்சலாமா? நீரோட்டம் பாராமல் அத்திவாரம் போடாத எஞ்சினியர், நீர் எங்கிருந்து வருகிறதென்று கேளாமற் புல்லை வியக்கலாமா? கல்வியை வேலையிடத்தில் விட்டுவிட்டுத் தொப்பியோடு மட்டும் பயணம் போவதா பண்பாடு?

படித்த பெருமக்களே! போய் வாருங்கள். ஆடிக் களைப்பாறி வாருங்கள். ஆனால் டண்டாஸ் தூணின் தகட்டை வாசித்துவிட்டு வாருங்கள். சதர்லாந்தில் எரிந்த வீட்டு அத்திவாரம் ஒன்றன்மீது ஒரு கணம் நின்றுவிட்டு வாருங்கள். சென்ற் அன்ட்ரூஸ் மக்கள் தம் தரவையை விற்றவனிடமிருந்து எப்படி மீட்டார்கள் என்று கேட்டறிந்து, அந்தக் கதையை ஊருக்குக் கொண்டுவாருங்கள். அதற்குச் சுங்கத் தீர்வை இல்லை.

கமக்காரப் பெருமக்களே! நாளை ஒருவர் வண்ணப் படத்தோடு வந்து, "உங்கள் தரவை சும்மாதானே கிடக்கிறது" என்பார். கோபிக்க வேண்டாம். கதிரை கொடுத்து இருத்துங்கள், மோர் கொடுங்கள். பின்பு அம்மான் கேட்ட கேள்வியையே கேளுங்கள்.

"தம்பி, இவ்வளவு காணியும் ஆற்றை? தண்ணி ஆற்றை?"

விடை வரும்வரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.